மண் ரொட்டியும் மலைச்சரிவும்

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்து, கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரம் அடி தொடங்கி ஆறாயிரம் அடிக்கும் அப்பால் ஏறிச் செல்லும் தேயிலைத் தோட்டங்களில், பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் பதிந்துவிட்டுக் கூடையும் படங்குமாக மலைக்குப் புறப்படும் தாய்மார், தம் கைக்குழந்தைகளையும் நடைபழகும் பிள்ளைகளையும் ஒப்படைத்துச் செல்லும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அரசாங்கக் காகிதங்களிலும் வாசலில் தொங்கும் பலகையிலும் அது சிறுவர் அபிவிருத்தி நிலையமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கிறவர்கள் வாயில் அது இன்றைக்கும் பிள்ளைக்காம்பராதான். சில இடங்களில் அதன் உட்சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரியில், எவரோ தர்மமாகக் கொடுத்த பிளாஸ்டிக் கரடியும், சாவி முறுக்கினால் ஓடும் மோட்டார் காரும், பிள்ளைகளின் கை பட்டு உடைந்துவிடுமே என்ற கவலையால் பூட்டி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பிள்ளைகளோ வெளியே, இஸ்தோப்புத் திண்ணைக்கும் தண்ணீர்ப் பீலிக்கரைக்கும் நடுவே, வேறு சாமான்களோடு இருக்கிறார்கள்: சிரட்டை, யோகட் கோப்பை, போத்தல் மூடி, கிழிந்த கூடையின் பிரம்பு, டர்பன்டைன் மரத்தின் காய், கவ்வாத்து வெட்டியபின் விறகாக வந்த தேயிலை மிலாறு, தேய்ந்த டயர், ஒற்றைச் செருப்பு, கூழாங்கல், எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணும் தண்ணீரும்.

இவற்றையெல்லாம் பெரியவர்கள் மாலையில் கூட்டித் தள்ளிவிடுகிறார்கள். தள்ளுவதற்கு முன், ஒரு விஞ்ஞானியின் கண்ணோடு அவற்றைச் சற்றே பார்ப்பது நன்று என்பது என் எண்ணம். ஏனெனில், உபயோகம் இன்னதென்று யாராலும் நிர்ணயிக்கப்படாத பொருள் ஒன்று குழந்தையின் கைக்குக் கிடைக்கும்போது, அந்தப் பொருளைப் பற்றிய கேள்வியையும் குழந்தையே கேட்டு, அதற்குரிய விடையையும் குழந்தையே தேடவேண்டியதாகிறது என்பதும், பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கிவிடும் அந்தத் தேடல்தான் பின்னாளைய அறிவின் பெரும் பகுதிக்கு அஸ்திவாரம் என்பதும், சென்ற ஐம்பது ஆண்டுகளில் உளவியல் ஆராய்ச்சிகள் பலவிதமாகப் பரிசோதித்துப் பார்த்த விஷயங்கள்.

நம் புலவர்கள் இந்த விளையாட்டை அறியாதவர்கள் அல்லர். சங்க நூல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைக்கிறார்கள், சிறுசோறு அடுகிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பிள்ளையின் விளையாட்டுக்களைத் தனித்தனிப் பருவங்களாகவே வகுத்துவிட்டார்கள். வடமொழியில் சூத்ரகர் செய்த நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மண்ணியல் சிறுதேர் என்று தமிழாக்கினார். அதில் வரும் சிறுவன், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டுத் தன் மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான். அந்த அழுகை இன்றும் எந்தக் கடைத்தெருவிலும் கேட்கும். ஆனால் பொன் வண்டி கிடைத்த பிள்ளை அதை வைத்துக்கொண்டு எத்தனை நாழிகை விளையாடியது என்பதை நாடகாசிரியர் சொல்லவில்லை.

அதைப் பற்றி யோசித்தவர் சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயர். தாயார் பார்பரா ஹெப்வர்த் புகழ்பெற்ற சிற்பி. தந்தை பென் நிக்கல்சன் ஓவியர். சிருஷ்டித் தொழில் நடக்கும் வீட்டில் பிறந்த இவர், 1971-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், ஒரு சூழலில் எத்தனை பொருள்களை, எத்தனை விதமான பொருள்களை நகர்த்தவும் பிரிக்கவும் சேர்க்கவும் முடிகிறதோ, அத்தனைக்கு அத்தனை அங்கே புதிது புனைவதும் புதிது கண்டறிவதும் நிகழும் என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். கட்டடக் கலைஞர்களும் பொம்மை செய்கிறவர்களும் யோசித்து மகிழும் வேலையை முழுக்கத் தாங்களே செய்து முடித்துவிட்டு, முடிந்துபோன ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுக்கிறார்கள். இது குழந்தையை ஏமாற்றுவதாகும் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் சொன்ன பொருள்களின் வரிசையில் பலகையும் கல்லும் மட்டுமன்றி, தண்ணீர், ஒலி, புவியீர்ப்பு முதலியவையும் இடம்பெற்றன.

எழுதியவர் அவர், செய்து பார்த்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். டென்மார்க் தேசத்து உத்தியான சிற்பி ஸோரென்ஸன், தாம் அழகாக அமைத்துக் கொடுத்த விளையாட்டு மைதானங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடந்த கழிவுச் சாமான்களோடு விளையாடுவதைக் கவனித்தவர். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் அந்நாடு இருந்த 1943-ஆம் ஆண்டில், கோபன்ஹேகனின் புறநகரான எம்ட்ரூப்பில் பலகையும் செங்கல்லும் பழஞ்சாமானும் கொட்டிய மைதானம் ஒன்று அவர் யோசனைப்படி திறக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் அதைப் பார்த்த லேடி ஆலன் என்னும் ஆங்கிலேயப் பெருமாட்டி, குண்டு விழுந்து தரைமட்டமான லண்டன் மனைகளில் அதே மாதிரி மைதானங்கள் எழக் காரணமானார்.

புவியீர்ப்பு என்று நிக்கல்சன் எழுதினாரே, அந்த விஷயத்தில் மலைநாட்டுப் பிள்ளைக்கு வாய்த்த பாக்கியம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ தஞ்சாவூர்ப் பிள்ளைக்கோ வாய்க்கவில்லை. சமவெளியில் ஒரு பொருளை உருட்டவேண்டுமானால் தள்ளவேண்டும். இங்கே விட்டால் போதும். லயத்தின் வாசலிலிருந்து கீழே வடிகால் கானுவரை இறங்கும் ஒற்றையடிப் பாதை, கலிலியோ தம் சோதனைக்கென்று பிரயாசைப்பட்டுச் செய்துகொண்ட சாய்தளத்தின் வேலையைக் கூலி வாங்காமல் செய்கிறது. டயர் நேராக ஓடுகிறது. ஒரு வாய் அகன்று மறு வாய் குறுகிய யோகட் கோப்பையை உருட்டினால், அகன்ற விளிம்பு ஒரு சுற்றில் அதிக தூரமும் குறுகிய விளிம்பு குறைந்த தூரமும் செல்வதால், அது வளைந்து வளைந்து குறுகிய பக்கமாகத் திரும்பித் தேயிலைத் தூருக்குள் புகுந்துவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனால் இரண்டு கோப்பைகளின் அகன்ற வாய்களைச் சேர்த்து வைத்து உருட்டினால் நேராகப் போகும் என்பது, யாரும் சொல்லாமலே, சில சமயம் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு சோடாப் போத்தல்களில் ஒன்றில் தண்ணீரை நிறைத்தும், மற்றதில் மண்ணை இறுக அடைத்தும் மூடி, சரிவில் ஒரே நேரத்தில் விட்டால், எது முந்தும்? மண் போத்தல் கனமானது, ஆகையால் அதுதான் முந்தும் என்று பெரியவர்களிலும் பலர் சொல்வார்கள். முந்துவது தண்ணீர்ப் போத்தல். மண் போத்தல் உருளும்போது உள்ளிருக்கும் மண் முழுவதையும் சேர்த்துச் சுழற்றவேண்டியிருக்கிறது. இறங்குவதால் கிடைக்கும் சக்தியில் ஒரு பங்கு அந்தச் சுழற்சிக்குப் போய்விடுகிறது. தண்ணீர்ப் போத்தலிலோ வெளி ஓடு சுழல, உள்ளிருக்கும் நீர் பெரும்பாலும் சுழலாமலே வழுக்கிக்கொண்டு வருவதனால், அந்தச் செலவு குறைகிறது. எடைக்கும் இந்தப் பந்தயத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. பல்கலைக்கழகத்துப் பௌதிக வகுப்பில் சூத்திரம் எழுதி நிறுவும் இந்த உண்மையின் பிரத்தியட்ச அனுபவம், காசில்லாத இரண்டு போத்தல்களுக்குள்ளும் ஒரு சரிவுக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சூத்திரம் பதினைந்து ஆண்டு கழித்து வந்தால் போதும். ஆச்சரியம் முன்னாடியே வந்திருக்கவேண்டும்.

ஆச்சரியம் என்று சொன்னது அலங்காரத்துக்கு அன்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்ஸன் என்ற இரு பெண்மணிகள், பதினோரு மாதக் குழந்தைகளுக்குச் சில கண்கட்டு வித்தைகளைக் காட்டினார்கள். சிலருக்கு ஒரு பொம்மைக் கார் கெட்டியான சுவரை ஊடுருவிச் செல்வது போலத் தோன்றும்படி செய்தார்கள். வேறு சிலருக்கு அதே கார் மேடையின் விளிம்பைத் தாண்டியும் விழாமல் அந்தரத்தில் நிற்பது போலக் காட்டினார்கள். பிறகு காரைக் குழந்தைகளின் கையிலேயே கொடுத்தார்கள். சுவரை ஊடுருவிய காரைப் பார்த்த குழந்தைகள் அதைத் தட்டில் ஓங்கித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்ற காரைப் பார்த்த குழந்தைகளோ அதைக் கீழே விட்டுப் பார்த்தன. அதாவது, எந்த விதி மீறப்பட்டதோ அந்த விதியைச் சோதிப்பதற்கு ஏற்ற செய்கையையே, பேச்சு வராத அந்தச் சிசுக்கள் தெரிந்தெடுத்தன. 2015-இல் இது வெளியாயிற்று. பிள்ளைக்காம்பராவில் கரண்டியைப் பத்தாவது முறையும் கீழே போட்டு ஆயாவின் பொறுமையைச் சோதிக்கும் குழந்தை, கூடவே வேறொன்றையும் சோதித்துக்கொண்டிருக்கிறது.

அதைவிட என் சிந்தையைக் கிளறிய ஆராய்ச்சி வேறொன்று. எலிசபெத் பொனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலியோர் 2011-இல் வெளியிட்டது. பல குழாய்களைப் பொருத்தி, நான்கு ரகசியங்களை உள்ளே வைத்து, ஒரு விநோதமான பொம்மையைச் செய்தார்கள்: ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும், ஒன்றில் விளக்கு எரியும், ஒன்றில் இசை எழும், ஒன்றில் கண்ணாடி ஒளிந்திருக்கும். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஒரு சாராருக்கு, ஆசிரியை பாவனையில், இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும் என்று கீச்சிடுவதை மட்டும் கற்பித்துக் கொடுத்தார்கள். மற்றொரு சாராரின் முன்னே, அந்தக் கீச்சொலி தற்செயலாக நேர்ந்தது போலக் காட்டிக்கொண்டார்கள். பிறகு பொம்மையைக் கொடுத்துவிட்டுப் பார்த்திருந்தார்கள். கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் கீச்சிட வைத்தே விளையாடிவிட்டுச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். கற்பிக்கப்படாதவர்கள் நெடுநேரம் துருவிப் பார்த்து, மற்ற ரகசியங்களையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள்.

இதிலிருந்து கற்பித்தலே தீது என்று கொள்வது பேதைமை. பெரியவர் ஒருவர் ஒன்றை எடுத்துக் காட்டினால், காட்டவேண்டியது அவ்வளவுதான் போலும், வேறிருந்தால் காட்டியிருப்பாரே என்று பிள்ளை அனுமானிக்கிறது. அது நியாயமான அனுமானமே. கொழுந்தில் இரண்டு இலையும் ஒரு அரும்பும் என்று எடுத்துக் காட்டுவதால் ஒரு நாளில் கற்கக்கூடியதை, தானாகத் துருவிக் கற்பதற்கு ஒருவருக்கு ஒரு பருவம் முழுதும் பிடிக்கும். ஆனால் கற்பித்தலுக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலை மற்றக் கதவுகள் தட்டப்படாமல் போவது என்பதையும் இந்த ஆராய்ச்சி காட்டிவிட்டது. சாவி முறுக்கினால் ஓடும் கார் வாய் திறந்து பேசாவிட்டாலும், நான் இப்படித்தான் வேலை செய்வேன் என்ற அந்த ஆசிரியையின் வாசகத்தைத் தன் உருவத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. சிரட்டையில் அப்படி ஒன்றும் எழுதியிருப்பதில்லை.

இந்த விஷயத்தில் பாலர் கல்வியின் பெரியோர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. ஜெர்மனியில் 1837-இல் பாலர் நிலையம் தொடங்கிய பிரோபெல், பந்தையும் கனசதுரத்தையும் ஒரு கிரமமாகக் குழந்தைக்கு வழங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் வாசம் செய்த மரியா மாண்டிசோரி அம்மையார், ஒவ்வோர் உபகரணத்துக்கும் ஒரே ஒரு நோக்கத்தை விதித்து, பிழை செய்தால் அந்த உபகரணமே பிழையைக் காட்டிக்கொடுக்கும்படி நுட்பமாக அமைத்தார். அவருடைய முறையின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும், இளஞ்சிவப்புக் கோபுரத்தின் கனசதுரம் ஒன்றை ஒரு பிள்ளை ரயில் வண்டியாக்கி ஓட்டினால் அதைச் சற்றே நிறுத்தத் தோன்றும் வகுப்பைவிட, ஓடட்டும் என்று விடும் வகுப்பே எனக்கு உகப்பானது. மலையகத்து முன்பள்ளிகளில் இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று நடப்பதையும் சொல்லவேண்டும்: மூன்று வயதில் அரிச்சுவடியும் நான்கு வயதில் கொப்பி நிறைய ஆங்கில எழுத்தும். தம் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கக்கூடாது என்று உறுதி பூண்ட பெற்றோரின் அவசரம் அது. அதைப் பரிகசிக்க எவருக்கும் உரிமையில்லை. எழுதுகோலைப் பிடிக்கும் விரலுக்குப் பலம் வருவது மண்ணைப் பிசைவதாலும் பிரம்பைக் கோப்பதாலும்தான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல மட்டும் ஆள் வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உலர்ந்த மண் உதிர்கிறது. சிறிது தண்ணீர் விட்டால், மணிகளின் இடுக்குகளில் நீர் மெல்லிய பாலமாகி, தன் மேற்பரப்பின் இழுவையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதிகம் விட்டால் இடுக்குகள் நிறைந்து பாலங்கள் மறைந்து, குழம்பாகிவிடுகிறது. மண் ரொட்டி தட்டும் சிறுமி இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடத்தைக் கை உணர்வினாலேயே தேடிக் கண்டுபிடிக்கிறாள். பீலியில் யோகட் கோப்பையால் மொண்டு போத்தலில் ஊற்றும் பிள்ளை, அகன்ற பாத்திரத்தில் தாழ்ந்து நின்ற நீர் குறுகிய பாத்திரத்தில் உயர்ந்து நிற்பதைப் பார்த்து, கூடிவிட்டது என்று நம்புகிறது. உயரம் மாறினும் அளவு மாறவில்லை என்ற தெளிவு, ஸ்விட்சர்லாந்து அறிஞர் பியாஜே காட்டியபடி, ஏறக்குறைய ஏழு வயதில்தான் நிலைபெறுகிறது. அதுவரைக்கும் ஊற்றுவதும் மொள்ளுவதுமே வேலை.

பொருள்களின் சுபாவத்தை அறிவது ஒரு கட்டம். ஒரு பொருளை மற்றொன்றாகப் பாவிப்பது அடுத்த கட்டம். ருஷ்ய நாட்டு உளவியலாளர் வைகோட்ஸ்கி, 1933-இல் ஆற்றிய விரிவுரை ஒன்றில், கோலைக் குதிரையாக்கிச் சவாரி செய்யும் பிள்ளையை உதாரணம் காட்டினார். குதிரை என்ற கருத்தைக் குதிரை என்ற பிராணியிடமிருந்து கழற்றி எடுக்கப் பிள்ளைக்கு ஒரு பிடி தேவைப்படுகிறது. கோல் அந்தப் பிடியாக உதவுகிறது. பின்னர், வெள்ளைத் தாளில் கிறுக்கிய ஒரு வளைவு ஓர் ஒலியைக் குறிக்கும் என்று ஒப்புக்கொள்வதற்கும் இதே கழற்றல்தான் வேண்டும். லயத்துப் பிள்ளைகள் ஆடும் கொழுந்து நிறுக்கும் மடுவ விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். சவுக்கு இலை கொழுந்தாகிறது, உரித்த தேங்காய் மட்டை தலையில் கூடையாகிறது, கம்பும் இரண்டு சிரட்டையும் தராசாகின்றன, ஒருவன் கணக்கப்பிள்ளையாகிறான். அவன், பார்க்காமலே, ஈரக் கொழுந்து என்று சொல்லி இரண்டு கிலோ கழிக்கிறான். கூடைக்கென்று இன்னும் ஒன்று கழிக்கிறான். அரைப் பேர்தான், அரைநாட் கூலிதான் என்று தீர்ப்புச் சொல்கிறான். பெண்பிள்ளைகள் கூச்சலிட்டுச் சண்டைக்குப் போகிறார்கள். கழித்தல் கணக்கும், சொல்வன்மையும், நூற்றைம்பது ஆண்டு தோட்ட வாழ்வின் நீதி அநீதியும், யாரும் எழுதிக் கொடுக்காத அந்த நாடகத்தில் ஒன்றாக அரங்கேறுகின்றன.

இனி, நடக்கவே தெரியாத குழந்தைகளுக்கு வருவோம். பிள்ளைக்காம்பராவின் மெய்யான பொறுப்பு அவர்கள்தாம். எலினர் கோல்ட்ஷ்மீட் என்னும் ஆங்கிலேய அம்மையார், இத்தாலியிலும் பின்னர் இங்கிலாந்திலும், தாயைப் பிரிந்து பகல் முழுதும் பிறர் பராமரிப்பில் இருக்கும் சிசுக்களைக் கவனித்து வந்தவர். உட்காரத் தெரிந்து தவழத் தெரியாத ஆறாம் மாதத்தை ஒட்டிய குழந்தைக்கு, அகலமான, தாழ்ந்த கூடை ஒன்றில், வீட்டில் வழங்கும் பொருள்களை நிறைத்து முன்னே வைத்தால், அது நெடுநேரம் தானாகவே எடுத்து, தடவி, சுவைத்து, தட்டி, முகர்ந்து ஆராய்வதை அவர் எடுத்துக் காட்டினார். அந்தக் கூடையில் பிளாஸ்டிக் சாமான் வைக்கமாட்டார். பிளாஸ்டிக்குக்கு எல்லாம் ஒரே வழவழப்பு, ஒரே கனம், வாசனையோ ருசியோ இல்லை என்பது காரணம். மரக் கரண்டி, தூரிகை, தோல், கம்பளித் துண்டு, உலோகக் கிண்ணம், எலுமிச்சம்பழம் இவையே அவர் வைத்தவை. இரண்டாம் வயதுப் பிள்ளைகளுக்கு, டின்களும் வளையங்களும் சங்கிலிகளும் பெருந்தொகையாக, போட்டி வராதபடி, பரப்பி வைத்தார். பெரியவர் அருகில் உட்கார்ந்திருக்கவேண்டும், பேசக்கூடாது, எடுத்துக் காட்டக்கூடாது, எழுந்து போகவும் கூடாது. பேசாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளமா என்று துரைமார் கேட்கலாம். மலைமேல் தாய் இருக்கும் பகல்பொழுதில், பரிச்சயமான ஒரு முகம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற நிச்சயத்தின் பேரில்தான் குழந்தை கூடைக்குள் கையை விடுகிறது.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: காசில்லாத சாமானே மேல் என்றால், லயத்துப் பிள்ளைகள் இந்நேரம் எல்லோரையும் மிஞ்சியிருக்கவேண்டுமே? நியாயமான கேள்வி. வறுமையைக் கண்டு வசதியுள்ளவர்கள் கவிதை பாடுவது எனக்குச் சம்மதமன்று. 2016-இல் இலங்கையில் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். காலை ஒன்பது மணிக்கே களைத்துப் படுத்துவிடும் பிள்ளைக்குச் சிரட்டை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு நேரான விடை, இன்னொரு தோட்ட நாட்டிலிருந்து வருகிறது. கரும்பும் காப்பியும் விளைந்த ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில், 1986-87 ஆண்டுகளில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்னும் வைத்தியரும் அவர் சகாக்களும், ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். ஒரு வகுப்புக்கு வாரந்தோறும் ஒரு கிலோ ஊட்டப் பால்மா. ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதார ஊழியப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போய், தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடத் துணை இருப்பது. ஒரு வகுப்புக்கு இரண்டும். ஒரு வகுப்புக்கு இவை இல்லை. அந்த ஊழியப் பெண்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் பையில் கொண்டுபோன விளையாட்டுச் சாமான்கள், கழித்துவிட்ட போத்தல், அட்டை, துணி, மரத்துண்டு ஆகியவற்றால் கையால் செய்தவை; ஒரு வாரம் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வாரம் மாற்றுவார்கள். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. முடிவில், பாலும் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு உதவியது, விளையாட்டும் உதவியது. இரண்டும் பெற்றவர்கள் வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். இருபது வருஷம் கழித்து, அவர்கள் சம்பாதிக்கும் பருவத்தை அடைந்தபோது, பால் கெர்ட்லர் என்ற பொருளாதார அறிஞரும் மற்றவர்களும் தேடிப்போய்க் கணக்கெடுத்து, 2014-இல் வெளியிட்டார்கள்: விளையாட்டுத் துணை கிடைத்த பிள்ளைகளின் வருமானம் கிடைக்காதவர்களைவிட நூற்றுக்கு 25 பங்கு அதிகமாக இருந்தது. பால்மா மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை.

உணவு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை; ஆராய்ச்சி செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. போத்தலும் அட்டையும் கிங்ஸ்டனின் அந்த வீடுகளில் முன்பும் கிடந்தவைதாம். வாரம் ஒரு மணி நேரம் ஒரு மனுஷி வந்து, இதை வைத்துக்கொண்டு உன் பிள்ளை என்ன செய்கிறது, கவனித்தாயா அம்மா, என்று கேட்டதுதான் புதிதாக நிகழ்ந்தது.

அந்த ஒரு மனுஷியைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின் நலத் தொண்டுகளுக்கென்று அமைந்து, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்கும் ஸ்தாபனத்தின் வழியாகப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், பெரும்பாலும் அதே தோட்டத்துப் பெண்கள், பிள்ளைக்காம்பராக்களில் இருக்கிறார்கள். 2015-இல் உலக வங்கி இலங்கைக்கு ஒப்புக்கொண்ட ஐந்து கோடி டாலர் கடனால் நடந்த முன்பிள்ளைப்பருவத் திட்டத்திலும் தோட்டப்புறத்துக்குப் பங்கிருந்தது. புதிய கட்டடங்களில் கூரை ஓடுகளும் வண்ணமும் நன்றாகவே இருக்கின்றன. முற்றத்துக்குச் சிமெந்து போட்டு மண்ணை முழுக்க மறைத்துவிடும் ஆசையைத்தான் ஒப்பந்தக்காரர்கள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளவேண்டும்.

ஜமைக்காவின் அந்த முறை இன்று வங்காளதேசம், பெரு, கொலம்பியா முதலிய நாடுகளில் அவ்வந்நாட்டுச் சாமான்களுக்கேற்ப மாற்றிக் கையாளப்படுகிறது. ஹட்டனில் ஓர் உத்தியோகத்தர் அதற்கொரு ஜாபிதா எழுதினால், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்பதில்தான் அதிக கவனம் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருள் தொண்டையில் அடைக்குமா என்று பார்க்கும் அளவை, பொம்மைத் தொழிலில் ஒன்றேகால் அங்குல வாயுள்ள ஒரு சிறு உருளை. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆகாது. ஆகவே டர்பன்டைன் காயும் போத்தல் மூடியும் பெரிய பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டியவை. அறுத்துத் திறந்த மீன் டின்னின் விளிம்பு கையைக் கிழிக்கும். அமுக்கு மூடி போட்ட பால்மா டின் உத்தமம். பழைய தேயிலைப் பெட்டி எங்காவது அகப்பட்டால், உள்ளே ஒட்டியிருப்பது ஈயத்தாளா என்று பார்க்கவேண்டும். ஈயம் குழந்தையின் மூளைக்கு நஞ்சு. புல்லுக்கு மருந்தடித்த கான்களையும், உரம் வந்த பைகளையும், எத்தனை முறை பீலியில் அலம்பியிருந்தாலும், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், உள்ளே விடக்கூடாது. ஒரு பாத்திரம் இப்போது காலியாக இருக்கிறதா என்பதன்று, முன்னே அதில் என்ன இருந்தது என்பதே கேள்வி. மழை நாளில் முற்றத்துப் புல்லில் அட்டை ஏறும். அதற்கு உப்பும் சவர்க்காரமும் ஒரு சிரட்டையில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மற்றபடி சிரட்டை எத்தனை இருந்தாலும் தகும்; பிரம்பு, மூங்கில் குழாய், கம்பளித் துண்டு, உள்ளங்கை அளவு கூழாங்கல், யோகட் கோப்பை ஒரு சாக்கு, தண்ணீருக்கு ஒரு வாளி, மண்ணுக்கு முற்றத்தில் ஒரு மூலை. அலமாரிச் சாவியையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளலாம்: கரடியையும் காரையும் வெளியே எடுத்து, சிரட்டைகளோடு கலந்து போட்டுவிட்டு, கார் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு வாரம் பார்க்கலாம்.